அருமை தெரிந்தவர்களுக்கு மட்டும்

“இதுக்குப் பேர் காரா சார்? முன்சக்கரம் ஒரு தெருவுல, பின்சக்கரம் அடுத்த தெருவுல நிக்குது!”

லெஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தக் காரையே இப்படியா ஒருத்தர் பேசுவார்?

விளம்பரத்தைப் பார்த்து, கார் வாங்குவதற்காகப் போன் செய்தபோது ஒரு பையன் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தான். அவசரத்தில் லெஸ்டர் முன்கூட்டியே வந்துவிட்டார். அழைப்புமணியை அழுத்தினார், பதில் இல்லை. ஆனால் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே கன்னங்கரேலென்று, கரையேறித் தூங்குகிற திமிங்கிலம் மாதிரி, ஐம்பத்தாறாம் வருஷத்து லிமோசின். நாற்பது வருஷக் கார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன. கைக்குட்டையை எடுத்து முகப்பில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், வீட்டின் பின்பக்கத்திலிருந்து இந்த அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் ஊதா நிறத் தொப்பி. போனில் பேசிய பையனின் தாயாராக இருக்க வேண்டும்.

“நீளம்தான் மேடம் இதோட அழகே,” என்றார் லெஸ்டர்.

“அழகைப் பார்த்தா ஆச்சா? இது பெட்ரோல் குடிக்காது சார், குளிக்கும்.”

“குளிக்கட்டுமே! அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு.”

அந்த அம்மா முறைத்தார். லெஸ்டருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பத்திரிகை விளம்பரத்தில் விலைக்குக் கீழே ஒரு வரி இருந்ததே: ‘அருமை தெரிந்தவர்களுக்கு மட்டும்.’ பரீட்சை வைக்கிறார்! ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போச்சு, கார் கிடைக்காது.

இந்தக் கார் அவருக்கு வேண்டும். வரும் சனிக்கிழமை அவருக்கும் மார்ஜிக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து விருந்து மண்டபத்துக்கு மாமாவின் மீன் வண்டியில்தான் போனார்கள். ‘நம்ம கல்யாண போட்டோவுலகூட மீன் வாடை அடிக்குது’ என்று இன்றுவரை மார்ஜி சொல்லிக்காட்டுகிறாள். ஒரே ஒரு தடவை, அவளைப் பின் சீட்டில் மகாராணி மாதிரி உட்காரவைத்து, அதே சர்ச்சிலிருந்து அதே மண்டபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். டெட்ராய்ட் தெருக்களில் பஸ் ஓட்டிச் சேர்த்த பணம் கோட்டுப் பையில் கனத்தது.

“முன்னாடி தோல் சீட்டு. பின்னாடி வெறும் துணி!” அந்த அம்மா கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நல்லதை டிரைவருக்குப் போட்டுட்டானுங்களா?”

“அங்கதான் மேடம் சூட்சுமமே இருக்கு. நம்மூர் ஜனவரிக் குளிர்ல தோல் சீட்டுல உட்கார்ந்தா எப்படி இருக்கும்? ஐஸ் கட்டி மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். அது டிரைவரோட தலையெழுத்து. பின்னாடி இருக்கறது துணியில்ல, கம்பளி. முதலாளிக்கு உட்கார்ந்ததுமே கதகதன்னு இருக்கணும்னு போட்டது.”

“ஓஹோ.” குரலில் கொஞ்சம் காரம் குறைந்திருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டார். “எல்லாம் சரி. பத்திரிகையில போட்டிருக்கற விலை ரொம்ப ஜாஸ்தின்னு உங்களுக்கே தோணலையா?”

இதுதான் கடினமான கேள்வி.

“ஜாஸ்தியா? நல்லாச் சொன்னீங்க! இன்னும் ரெண்டாயிரம் டாலர் கூட்டிக் கேட்டாலும் நியாயம்தான்.”

“அடேங்கப்பா! சரியான ஆளுதான் நீங்க.”

பாஸாகிவிட்டோம் என்று நினைத்தார் லெஸ்டர். உற்சாகத்தில் பின்கதவை அகலமாகத் திறந்தார்.

“சும்மா ஒரு நிமிஷம் உட்காருங்க மேடம். உட்கார்ந்து பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.”

அந்த அம்மா தொப்பி இடிக்காமல் உள்ளே ஏறினார். இடிக்க வழியே இல்லை, அவ்வளவு உயரம். லெஸ்டர் ஒரு விரலால் கதவைத் தள்ளினார். பூனை குதித்த மாதிரி ‘தப்’ என்று மூடிக்கொண்டது.

“கேட்டீங்களா அந்த சத்தத்தை?” கண்ணாடிக்கு வெளியே நின்றபடி கத்தினார். “இப்ப வர்ற கார்ல கதவைச் சாத்தினா தகர டப்பாவை உதைச்ச மாதிரி இருக்கும். காலை நீட்டுங்க! இன்னும் நீட்டுங்க! முட்டாது! உள்ளே உட்கார்ந்துட்டா வெளியில உலகம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோயிடும். இதை விட்டா இப்படி ஒண்ணு இந்த ஜென்மத்துல கிடைக்குமா மேடம்?”

அந்த அம்மா காலை நீட்டி, கண்ணை மூடி, கம்பளியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். பழைய ஞாபகங்கள் போலிருக்கிறது. உதட்டோரம் ஒரு புன்னகை வந்தது. லெஸ்டரின் மனக்கண்ணில் மார்ஜி அதே சீட்டில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தாள்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இளைஞன் ஒருவன் இறங்கி ஓடிவந்தான்.

“ஸாரி, ஸாரி! வழியில டயர் பஞ்சர். ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?”

போனில் கேட்ட அதே குரல். லெஸ்டர் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்த அம்மா சொல்லப்போகும் தீர்ப்புக்காகக் கைகட்டி நின்றார்.

அந்த அம்மா காரிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, கைப்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

“தம்பி, நீ போட்ட விலையில ஒரு டாலர்கூடக் குறைக்க வேணாம். பாதி விலைக்கு அடிச்சுப் பேசலாம்னுதான் வந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன், நடக்கல,” என்றவர் லெஸ்டரின் தோளில் தட்டினார். “உங்கப்பா பலே கில்லாடி! பேசிப் பேசியே காரை என் தலையில கட்டிட்டார்!”