ஐந்து மணிப் பொட்டு

இன்னும் விடியவில்லை. டுரியான் துங்கால் ஊரில் ஒரு ஃபிளாட்டின் சமையலறையில் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. அனுசியா கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பட்டம் வாங்கியும் வேலை அமையவில்லை. இன்று பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஓர் இன்டர்வியூ, போக மனசில்லை. திரையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகிறவன்தான் வாழ்க்கையில் ஜெயிப்பான் என்று பல்லைக் காட்டுகிறான். மைலோ கலக்கிக்கொண்டிருக்கும் அம்மா பெரியநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "அஞ்சு மணிக்கு எழுந்தா போதுமாலா? அப்போ நம்ப எஸ்டேட்டு முழுக்க கோடீஸ்வரனுங்கதான்!" அனுசியாவுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது, அம்மாமேல் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன காலத்தில் இதே நேரத்துக்கு அம்மா கண்ணாடி முன்னால் நிற்பாள். பவுடர் பூசி, பொட்டு வைத்து, அதற்குப் பிறகுதான் நெற்றியில் விளக்கைக் கட்டுவாள். "இந்த இருட்டுல யாரும்மா பாக்கப் போறா?" என்று சின்ன அனுசியா பாயில் புரண்டபடி கேட்பாள். "கொசு பாக்கும்டி. கடிக்கிறதுக்கு முன்னால ஒரு மரியாதை வேணாம்?" அந்தப் பவுடர் வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. அம்மாவை எவனும் மேடையேற்றிப் பேசச் சொன்னதில்லை. கோட்டுக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுசியா கைப்பேசியை அணைக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலை பஸ் ஒன்று உறுமி நகர்கிறது. "ம்மா, என் நீலச் சட்டை காஞ்சிருச்சா?" அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "நேத்தே தேய்ச்சுக் கதவுக்குப் பின்னால மாட்டிட்டேன்."