தாத்தா பிடுங்கிய வீடு

"எங்க தாத்தா மட்டும் இல்லேன்னா, தளபதி ஸபாட்டாவோட புரட்சிப் படை கரும்புக் காட்டுலயே வழி தெரியாம நின்னிருக்கும்!" என்றார் தோன் எவரிஸ்தோ.

குவாட்லா ஊரின் கந்தக ஊற்றுக் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரின் அழுகிய முட்டை நாற்றம் அவர்களுக்குப் பழகிவிட்டது. எவரிஸ்தோவின் பெருமையும் அப்படித்தான்.

"போன வருஷம் தாத்தா படைக்குச் சமையல்காரர்னு சொன்னீங்களேண்ணே?" என்றான் சலூன்கார கிறிஸ்பின்.

"புரட்சியில சமைக்கிறவனும் சுடுவான்டா! நாளைக்கு எங்க தெருவுக்கே அவர் பேரை வைக்கிறாங்க. நீ வந்து கைதட்டு, போதும்."

குளக்கரையில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்த பெண்மணி நிமிர்ந்தாள். ஊருக்குள் எவரிஸ்தோவை விசாரித்துக்கொண்டு வந்தவள். தலைநகரத்து உடுப்பைப் பார்த்ததுமே, பத்திரிகைக்காரி என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

"சதுக்கத்துப் பக்கத்துல இருக்கிற மாடி வீடு உங்களோடதுதானே, ஐயா?"

"தாத்தா துப்பாக்கியால சம்பாதிச்சதும்மா! பண்ணை முதலாளி அர்ரியாகாவோட வீடு. தாத்தா ஒரே உதைல கதவைப் பேர்த்து, அந்த ஆளை உள்ளாடையோட தெருவுல நிறுத்தினார். எழுதிக்குங்க."

"முதலாளியே மனசார கொடுத்திருக்கலாமே?"

"கொடுக்கிறதா? புரட்சிக்காரன் பிச்சை வாங்கமாட்டாம்மா! அந்தப் பாவியோட வீட்டுப் பச்சைத்தண்ணிகூட எங்க தாத்தா பல்லுல பட்டதில்லை. பிடுங்கினார்!"

குளமே கைதட்டியது.

அவள் எழுந்து காலைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பேரு லெயோனோர் அர்ரியாகா. அந்தப் பாவியோட பேத்தி. கடைசிவரைக்கும் விசுவாசமா இருந்த கங்காணிக்கு அந்த வீட்டைத் தானமாக் கொடுத்ததாத்தான் எங்க தாத்தா சொல்லிட்டிருந்தார். ஆனா வீடு இன்னும் எங்க பேர்லதான் இருக்கு. உங்க பேருக்கு மாத்திக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பிடுங்கினதுன்னா, நாளைக்கே வக்கீலைப் பார்க்கணும்."

எவரிஸ்தோ ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி, குளமே கேட்கும்படி கத்தினார்:

"எங்க தாத்தா சாகிறவரைக்கும் உங்க வீட்டு உப்பைத் தின்னவரும்மா! துப்பாக்கியைப் பார்த்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துடும்!"