வெற்றிலைக் காவி

"பல்லு வெள்ளையானாத்தான் தாலி. இல்லைன்னா பொண்ணை உங்க ஊட்டுலயே வெச்சுக்குங்க!"

சேலத்துப் பல் டாக்டரின் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னாள் சென்னியம்மாள். மாப்பிள்ளையின் அம்மா அல்லவா? மெதுவாகப் பேசினால் மரியாதை என்ன ஆவது?

பெண்ணின் அப்பா அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். பெண் கண்ணாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிச்சயம் ஆன நாளிலிருந்து அவள் கை அங்கேதான் இருந்தது.

"மேல்பல்லு பூராவும் பழுப்புக் கோடு. பல்லு விளக்கற பழக்கமே இல்லாத குடும்பமாட்ட இருக்குது" என்ற சென்னியம்மாள் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

நீட்டிய கையில் வெற்றிலை வந்து விழுந்தது. அவள் கணவர் நாச்சிமுத்து பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கொடுப்பதுதான் முப்பது வருஷமாக அவருக்கு உத்தியோகம். பெண்டாட்டிதாசன் என்று கொடிக்கால் ஆட்களே முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் காதில் விழாதவர் போல அடுத்த வெற்றிலையை எடுப்பார்.

சென்னியம்மாள் வெற்றிலைச் சாற்றைத் தெருவில் துப்பினாள். சுத்தத்தைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னபடி உள்ளே போனாள்.

கல்கத்தாவில் படித்துவிட்டு வந்த டாக்டர், கண்ணாத்தாளை நாற்காலியில் சாய்த்து வாய்க்குள் பார்த்தார்.

"பொண்ணுக்கு எந்த ஊருங்க?"

"எருமப்பட்டிப் பக்கமுங்க" என்றார் அப்புசாமி.

"கெணத்துத் தண்ணிதானே? இது அழுக்கில்லைங்க. தண்ணியில இருக்கற உப்பு, பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஊறிப் போயிருக்குது. தேய்ச்சாப் போகாது."

"சந்தையில ஒருத்தன் திராவகம் தொட்டுத் தேய்க்கறான், ஒரு நிமிசத்துல பளபளங்குது" என்றாள் சென்னியம்மாள். "உங்களால ஆகாதுன்னா அவங்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

"பளபளக்குமுங்க. கூடவே பல்லோட மேல்பூச்சும் போயிரும். அப்புறம் பச்சைத் தண்ணி பட்டாலே கூசும். ரெண்டு வருசத்துல பல்லே மிஞ்சாது."

"கல்யாணம் வைகாசியிலங்க. அதுவரைக்கும் தாங்குனாப் போதும்."

கண்ணாத்தாள் கண்ணில் நீர் முட்ட, அப்பாவைப் பார்த்தாள்.

"சம்பந்தி சொல்றபடியே செஞ்சுரலாமுங்க" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சென்னியம்மாள் பக்கம் திரும்பினார். "அழுக்குன்னா என்னன்னு நான் காட்டறேனுங்க. உங்க பல்லுல இருக்குதே, வெத்தலைக் காவி, அதுதான் அழுக்கு. மேலாக ஒட்டினது. சொரண்டினா வந்துரும். இப்படி உக்காருங்க. காசு வேண்டாம்."

காசு வேண்டாம் என்ற பிறகு அவமானம் எங்கே வந்தது? சென்னியம்மாள் நாற்காலியை நோக்கி நடந்தாள்.

"வேண்டாம் புள்ள" என்று நாச்சிமுத்து குறுக்கே வந்து நின்றார். முப்பது வருஷத்தில் அவளை அவர் மறித்தது இதுதான் முதல் தடவை. "நேரமாச்சு. பஸ் போயிரும்."

"நான் அழகானாப் பொறுக்கலீங்களா? தள்ளுங்க!"

டாக்டர் சுரண்டினார். காலால் மிதிக்கும் மிஷினை ஓட்டி, பொடி வைத்துத் தேய்த்தார். கொப்பளித்த தண்ணீர் செக்கச்செவேலென்று தொட்டியில் விழுந்தது.

பிறகு அவர் கை நின்றது. சென்னியம்மாளின் பல்லைப் பார்த்தார். கண்ணாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்குப் பொறந்த ஊரு எதுங்க?"

"அதெதுக்கு உங்களுக்கு?" என்று மேஜைமேல் இருந்த முகக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள் சென்னியம்மாள்.

காவி போன இடத்தில் பழுப்புக் கோடு. கண்ணாத்தாளுக்கு இருந்த அதே கோடு, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. முப்பது வருஷ வெற்றிலையில் அவளுக்கே மறந்து போயிருந்தது. அவள் கை தானாக எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்தியது.

"இவளும் எருமப்பட்டிப் பக்கந்தானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்கு... தெரியுமுங்களா?" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். எங்கம்மா கண்ணுல பட்டிருந்தா, உன்னை உங்க ஊருக்கே திருப்பி அனுப்பிச்சிருப்பா. அதுக்குத்தான் கல்யாணத்தன்னிக்கே வெத்தலை மடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன்."

நாச்சிமுத்து பழக்கம் விடாமல் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பைத் தொடும் முன் நிறுத்திக் கேட்டார்.

"நீயே சொல்லு சென்னி. நம்ம பையனுக்கும் வெத்தலை மடிக்கப் பழக்கட்டுமா? இல்ல, இந்தப் புள்ள நம்ம ஊட்டுல வாயைத் தொறந்து சிரிக்கலாமா?"