அக்காவையும் சேர்த்து ஒரு கணக்கு

"உனக்கு வாய் இருக்கா, இல்ல வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்று உதிரிபாகக் கடைக்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார். அவர் கொடுத்தனுப்பிய இரண்டு இன்ஜெக்டர் பெட்டிகள் பட்டறை மேசையில் இருக்கின்றன. ஒன்றை இன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக விழும் வெயில் இரண்டுக்கும் நடுவில் பொட்டுபோல் நிற்கிறது. ஒன்று இன்ஜினுக்குள் நிமிடத்துக்கு 550 மில்லி பெட்ரோல் பீய்ச்சும், மற்றது 650. அப்பா அட்டைத் துண்டில் கணக்குப் போட்டுவிட்டார். எங்கள் காரின் முந்நூறு குதிரைத்திறனுக்குச் சின்னதே போதும். பிழை இல்லை. காருக்கடியில் படுத்திருக்கும் அக்காவின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. பெருவிரல் ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓட்டப்போகிறவள் அவள். முன்னால் ஒரு கார் தெரிந்தால் போதும், வேகம் கூட்டும் டர்போ அழுத்தக் குமிழை யாருக்கும் சொல்லாமல் திருகிக் கூட்டிவிடுவாள். அவளோடு ஒரே அறையில் படுக்கும் எனக்குத்தான் அது தெரியும். அந்த நேரத்தில் இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும்; போதாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். பெரிய பெட்டியை அப்பா பக்கம் நகர்த்துகிறேன்.

"ஏம்மா? பெருசு போட்டா வண்டி சும்மா நிக்கும்போது இருமுமே."

"இருமட்டும்பா." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கணக்குல அக்காவையும் சேர்க்கணும்."

அப்பாவின் பென்சில் நிற்கிறது. பெருவிரலின் தாளமும் நிற்கிறது.

"போட்டுக் குடுத்துட்டியாடி, ஊமைக்கோட்டான்." காருக்கடியிலிருந்து வரும் குரலில் கோபம் இல்லை.

அப்பா அந்தப் பாதங்களையே பார்க்கிறார். குனிந்து, ஒரு உள்ளங்காலில் ஒட்டியிருக்கும் இரும்புச் சுருளைப் பதமாக எடுத்துப் போடுகிறார். பிறகு சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போகிறார்.