அரை மணி நேர நடை

பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்ற டாக்டர் என் அம்மாவின் ரவிக்கைக் கையை மேலேற்றுகிறார். ஊதா நிறத்தில் அப்பாவின் ஐந்து விரல்களும் அங்கே பதிந்திருக்கின்றன. காற்று ஏறிப் பட்டை இறுகுகிறது. "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்மா," என்கிறார் டாக்டர், தடத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல. "இவ நடந்து எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறா? வாசலைத் தாண்டினா கால ஒடிச்சிருவேன்னு தெரியும்," என்று அப்பா சிரிக்கிறார். டாக்டரும் மரியாதைக்குச் சிரித்துவைக்கிறார். அம்மா பட்டையைப் பறபறவென்று பிரித்தெறிகிறாள். "இன்னிக்கே ஆரம்பிக்கலாம்ல டாக்டர்?" பதிலுக்குக் காத்திராமல் வெளியேறுகிறாள். "ஏய், நில்லுடி!" பாய்ந்த அப்பா, அவள் பின்னலைப் பிடிக்க, அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டிருக்கும் கதவின் இடுக்கில் கையை விடுகிறார். கதவோரம் நிற்கும் நான் என் முழு எடையையும் கொடுத்துக் கதவைச் சாத்துகிறேன். விரல்கள் நொறுங்குகின்றன. அவர் அலறுகிற அலறலுக்கும் அம்மா திரும்பி வரவில்லை.