வீட்டு நம்பர்

“நாங்கள் எட்மன்டனுக்குப் போனபிறகு தம்பி போன் எடுத்தால், இஞ்ச ஆர் கதைக்கிறது?”

கமலினி ரெலிபோனைத் துடைத்த துணியை மடித்து அதன் பக்கத்திலேயே வைத்தாள். மூன்று கிழமையாகக் கனடாப் பேச்சு இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டி நிற்கிறது. இன்றைக்குக் கேட்டுவிட்டு அவள் நகரவில்லை. சிவபாலனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே செவன் ஹில்ஸில் அவர் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையை அடுத்த மாதம் மூடுகிறார்கள். எட்மன்டனில் இருக்கும் கமலினியின் அண்ணன் சச்சிதானந்தன், தான் வேலை செய்யும் பேக்கரியில் அவருக்கு ஓர் இடம் பேசி, விசாவுக்கும் முதலாளியைச் சம்மதிக்க வைத்திருந்தார். “குளிருக்குப் பயப்படாதை மச்சான், பிரிட்ஜ் வாங்கிற காசு மிச்சம்” என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தவர், இன்று காலையில் குரலை மாற்றினார். நாளைக்குள் முடிவு சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்.

மகள் கல்யாணி, எந்த ஊரானாலும் தனக்குத் தனி அறை வேண்டும் என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளால் தடை இல்லை.

தடை சிறிதரன். சிவபாலனின் ஒரே தம்பி. மாசி மாதம் வன்னியிலிருந்து கடைசியாகப் பேசியபோது, இடம்பெயர்ந்து ஓடியதில் எல்லாம் தொலைந்துவிட்டது, மனப்பாடமாக இருப்பது அண்ணி வீட்டு நம்பர் ஒன்றுதான், அதை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று கமலினியிடம் சொல்லியிருந்தான்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. கொஞ்ச நாளில் கமலினி வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டுவிட்டாள். போன் வந்தால் எடுக்க வீட்டில் ஆள் வேண்டும் என்றாள். குசினியில் மீனும் இறைச்சியும் நின்றுபோயின. தம்பி வந்து சேரட்டும் என்று நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் சிவபாலன் எழுந்து வெளியே போய்விடுவார். தம்பி வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து ஒரு கிழமைக்குள், தொழிற்சாலை ஒஃபிஸ் போனுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெடியன். சிறிதரனோடு ஒரே பங்கருக்குள் இருந்தவன். செல் குண்டு விழுந்த நாளைச் சொன்னான். தன் கையாலேயே மண் போட்டு மூடியதாகச் சொன்னான். அதோடு லைன் அறுந்துவிட்டது. சிவபாலன் திரும்பிப் போய் மெஷினுக்கு முன்னால் நின்று ஷிஃப்டை முடித்தார்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து, தாயில்லாத சிறிதரனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் கமலினி.

அதனால் துடக்கை அவர் தனியாகவே காத்தார். சாவு விழுந்த குடும்பம் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயில் வாசல் மிதிப்பதில்லை, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை, நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் மீறித்தான் கனடாவைப் பேசினார். எப்படியாவது அந்தப் போனிடமிருந்து அவளைப் பிரித்துக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்தார்.

நம்பரைக் கனடாவுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூட விசாரித்தார். பக்கத்துத் தெருவுக்கென்றால் கொண்டுபோகலாம் என்று சொல்லிச் சிரித்தாள் போன் கம்பெனிப் பெண்.

நேற்று முப்பத்தோராம் நாள். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் பரமட்டா ஆற்றங்கரைக்குப் போனார். ஐயர் இல்லை, மந்திரம் தெரியாது. குளிரில் நடுங்கிக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பாயாசம் இருந்தது. பால் பழுதாகப் பார்த்தது, அதுதான் காய்ச்சினேன் என்றாள் கமலினி. சிறிதரன் சட்டி வழித்துச் சாப்பிடுகிற பாயாசம். அவர் பசியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

இப்போது அவள் இன்னும் அவருடைய பதிலுக்காக நின்றாள். இந்தக் கேள்விக்கு ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அதைச் சொல்வதைவிட வேலையில்லாமல் இருப்பது சுலபமாகத் தெரிந்தது.

“சரி, போகவேண்டாம்,” என்றார் சிவபாலன். “அவன் எடுப்பான். நாங்கள் இஞ்சயே இருப்பம். சச்சிக்கு வரேல்லை எண்டு சொல்லிவிடுறன்.”

கதிரையிலிருந்து எழுந்து வந்து ரிசீவரில் கை வைத்தார். அவருடைய கையின்மேல் கமலினி தன் கையை வைத்து அமத்தினாள்.

“அண்ணாட்ட வாறம் எண்டு சொல்லுங்கோ. துடக்கும் நேற்றோட கழிஞ்சுதுதானே.”

சிவபாலன் நிமிர்ந்தார். அவள் மடித்து வைத்த துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“அந்த வவுனியாப் பெடியன் முதல் இஞ்சதான் எடுத்தவன். உங்கட வேலை நம்பரை நான்தான் குடுத்தனான்.”