நரம்பும் பழைய எதிரியும்

ஒரு கையின் நரம்பை, அதன் உறையில் வளர்ந்த புற்றுக்கட்டி ஒன்று நெரித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அசைந்து மாதக்கணக்காகிவிட்டது. ஒரு நாள் மருத்துவர் போட்ட ஊசி வழியாக ஒரு வைரஸ் வந்து இறங்கியது.

"ஐயோ, நீயா! உன் கூட்டம்தானே முன்பு என்னைப் புண்ணாக்கியது?" என்று கேட்டது நரம்பு.

"நாங்கள்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்னை மாற்றிவிட்டார்கள். இனி கட்டிக்குள் மட்டும்தான் என்னால் பெருக முடியும்," என்றது வைரஸ்.

"நம்பாதே அண்ணா! நான் உன் உறையிலேயே பிறந்த தம்பி. அவன் அந்நியன்," என்றபடி கட்டி இன்னும் இறுக்கியது.

வைரஸ் நரம்பை உரசிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கு ஒன்றும் செய்யாமல் தாண்டிக் கட்டிக்குள் நுழைந்தது.

சில நாட்களில் கட்டி உள்ளிருந்தே உடையத் தொடங்கியது. "அண்ணா, காப்பாற்று!" என்று அலறியது.

பிடி தளர்ந்ததும் நரம்பு கட்டைவிரலுக்குச் செய்தி அனுப்பியது.

விரல் அசைந்தது.